முழுச் சேலை கட்டிய விளம்பரம்

டிசம்பர் மாத உந்துவப் போயாவோடு சிவனொளிபாதமலையின் அடிவாரமான நல்லதண்ணியில் யாத்திரைச் சீசன் தொடங்கினால் மே மாத வெசாக் வரை ஊர் உறங்காது. மஸ்கெலியாவிலிருந்து வரும் பாதையில் பஸ்ஸும் வேனும் வரிசை கட்டும். கூட்டம் சேரும் இடத்துக்கு விற்பவர்களும் வருவார்கள், போதிப்பவர்களும் வருவார்கள். ஒரு பக்கம் சவர்க்காரம், முகப்பூச்சு, நகைக்கடை என்று பெண் முகங்களைத் தாங்கிய பதாகைகள். மறுபக்கம் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டும் உபதேசமும். இரண்டுக்கும் நடுவே நடக்கிற நம் ஆட்களிடம் ஒரு கருத்து வேரோடிக் கிடக்கிறது. கோயில் பரிபாலன சபைக் கூட்டத்திலும், பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலும், ஞாயிறு இதழ்களின் பத்திகளிலும் அதைக் கேட்கலாம். விளம்பரக்காரர்கள் பெண்ணைப் பண்டமாக்கிவிட்டார்கள். இது மேற்கிலிருந்து வந்த சீரழிவு. நம் சமயம் பெண்ணைத் தெய்வமாக வைத்திருக்கிறது. அதன் வழியில் நடந்தால் பெண்ணுக்கு மரியாதை தானே வரும் என்கிறார்கள்.

விளம்பரம் பெண்ணைப் பண்டமாக்குகிறது என்பதில் எனக்குச் சிறிதும் மறுப்பில்லை. டயரும் சிமெந்தும் விற்க ஒரு பெண்ணின் இடுப்பு எதற்கு என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்து கேட்கிறேன். மற்ற மூன்றையும் மறுக்கிறேன். சீரழிவு மேற்கிலிருந்து மட்டும் வரவில்லை. தெய்வமாக வைத்திருப்பதாகச் சொல்வது மரியாதைக்குச் சாட்சியாகாது. சமயத்தின் பெயரால் நடக்கிற பலவும் விளம்பரத்துக்கு மருந்தல்ல, விளம்பரம் செய்கிற அதே வேலையை வேறு வாசலில் நின்று செய்பவை. இந்த மூன்று பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான். பெண்ணின் மரியாதையை அவள் உடம்பில் எவ்வளவு துணி இருக்கிறது என்பதை வைத்து அளக்கிறார்கள். அந்த அளவுகோலை வைத்திருக்கும் வரை நம் கண்ணெதிரே நடக்கிற மிகப் பெரிய அநியாயம் நமக்குத் தெரியாது.

அந்த அநியாயம் தேயிலைப் பெட்டியில் இருக்கிறது. இந்த மண்ணிலிருந்து உலகத்துக்குப் போன விளம்பரப் படங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் படத்தைப் போல நெடுங்காலம் ஓடியது வேறில்லை. தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய பிறகு, தோட்டத்திலிருந்து தேயிலை நேரே உங்கள் கோப்பைக்கு வருகிறது என்று ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சொல்ல அவருடைய நிறுவனம் எடுத்துக்கொண்டது அவளைத்தான். இங்கிலாந்தின் சமையலறைச் சுவரிலும் கடைக் கண்ணாடியிலும் கூடை சுமந்து சிரித்தபடி நின்றாள். 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அமைந்து, அரசின் பெயரால் தேயிலை விளம்பரம் தொடங்கியது. இன்றைக்கும் சுற்றுலாக் கையேடு, விமானச் சஞ்சிகை, தேயிலைப் பொதி, விடுதிச் சுவர் எதைப் பார்த்தாலும் அவளே இருக்கிறாள்.

அவள் உடுத்தியிருப்பதைப் பாருங்கள். முழுச் சேலை. தலையில் முக்காடு. இடுப்பில் படங்கு. கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய உடம்பு. நம் பண்பாட்டுக் காவலர்கள் எவரும் இந்தப் படத்தை ஆபாசம் என்று சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. அவர்களுடைய அளவுகோலில் இது நூற்றுக்கு நூறு வாங்குகிற படம். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பெயரில்லை. படம் எடுக்க அவளிடம் சம்மதம் கேட்ட வழக்கமில்லை. படத்தால் வந்த வருமானத்தில் அவளுக்குச் சல்லிக்காசு பங்கில்லை. அவள் கை வலிப்பதும், கால் அட்டைக்கடியில் ரத்தம் வடிப்பதும், மழையில் நனைந்து நடுங்குவதும் படத்தில் வராது. சிரிப்பு மட்டும் வரும். ஓர் ஆளை அவளுடைய விருப்பத்தையும் வலியையும் கழித்துவிட்டு விற்பனைக்கு உதவும் தோற்றமாக மட்டும் எடுத்துக்கொள்வதுதான் பண்டமாக்குதல் என்றால், அதன் முழு வடிவம் இதுதான். இதில் ஓர் அங்குலத் தோலும் தெரியவில்லை.

படம் உலகம் சுற்றிய காலத்தில் அவள் நிலை என்ன? 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அந்தப் பாகுபாடு 1984இல் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் ஒழிந்தது. பெண் உழைத்த சம்பளத்தைப் புருஷனோ தகப்பனோ போய்க் கையொப்பமிட்டு வாங்கியதும் தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அப்போதும் படம் நிற்கவில்லை. நாட்டின் பிரஜையாக ஏற்றுக்கொள்ளாத பெண்ணை நாட்டின் அடையாளமாக உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 1991ஆம் ஆண்டின் 100 ரூபாய்த் தாளின் பின்புறத்திலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு அவர்களுடைய ஒரு நாள் சம்பளம் அந்த நூறு ரூபாயை எட்டவில்லை.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இலங்கைத் தேயிலைப் பொதியில் வாளேந்திய சிங்கம் இருக்கும். அது தேயிலைச் சபை பதிவு செய்து வைத்திருக்கும் இலச்சினை. இலங்கையிலேயே பொதி செய்த கலப்பில்லாத இலங்கைத் தேயிலைக்குத்தான் அதைப் போடலாம். அனுமதியில்லாமல் போட்டால் சட்டம் பாயும். பக்கத்தில் இருக்கும் பெண்ணின் படத்துக்கு அந்தக் காவல் கிடையாது. யாரும் எடுக்கலாம், யாரும் அச்சிடலாம், எந்த நாட்டுத் தூளோடும் ஒட்டலாம். காகிதத்துச் சிங்கத்துக்கு உரிமையாளர் இருக்கிறார். உயிருள்ள பெண்ணின் முகம் பொதுச்சொத்து. சீசனில் நல்லதண்ணிக்கு வருகிற பயணிகள் பாதையோர மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களை நோக்கிக் கேமராவை நீட்டும்போது எவருக்கும் கூச்சம் வராததற்கு இந்த நூற்றுமுப்பது வருடப் பழக்கமே காரணம். அவள் படம் எடுக்கப்படுவதற்கென்றே அங்கே நிற்பதாக உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

“அது பெருமை இல்லையா? நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவருகிறவள் என்று கௌரவிக்கிறார்கள்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. தேயிலை ஆண்டுக்கு நூறு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கொண்டுவருகிறது, உண்மை. அந்தப் பெண்ணின் அடிப்படை நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானி வழியாக 900 ரூபாயாகவும், படியோடு சேர்த்து 1000 ரூபாயாகவும் ஆனது. அந்த அடிப்படைச் சம்பளத்தை 1350 ஆக்க 2024 செப்டம்பர் வரை, அறிவிப்பும் வழக்கும் இழுபறியும் கடந்து காத்திருக்க வேண்டியிருந்தது. பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து, சில இடங்களில் அதற்கும் மேல் எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் அரைப் பேர். பெரும்பாலும் மலையில் கழிப்பறை கிடையாது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவள் மதியம் கொழுந்து நிறுக்கும் வரை அடக்கிக்கொள்ள வேண்டும், அல்லது தேயிலைச் செடி மறைவைத் தேட வேண்டும். மாதவிலக்கு நாளிலும் இதுதான் நிலை. கௌரவம் என்ற சொல்லுக்குப் பொருள் இருந்தால், அது பொதியின் மேல் படமாக வருவதற்கு முன் மலையில் ஒரு கழிப்பறையாக வந்திருக்க வேண்டும்.

இனி மேற்கத்தியச் சீரழிவு என்ற வாதம். தேயிலைப் பெட்டியின் படத்தை வெள்ளைக்காரன் தொடங்கினான் என்பது சரி. நம் வீட்டு வாசலில் நாமே கட்டுகிற பதாகையை யார் தொடங்கியது? பெண்பிள்ளை பெரிய மனுஷியாகிவிட்டாள் என்றால் லயத்து முனையிலும் பஸ் நிறுத்தத்திலும் ஆளுயரப் பதாகை எழும்புகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிக்குக் கல்யாணப் பெண்ணின் அலங்காரம் செய்து, சுற்றிவர அம்மன் படமும் மாமன்மார் படமும் தொழிற்சங்கத் தலைவர் படமும் வைத்து, அவளுக்கு வந்த முதல் உதிரத்தை ஊருக்கே அறிவிக்கிறோம். அவளைக் கேட்டுத்தான் செய்கிறோமா? அடுத்த வாரம் பாடசாலைக்குப் போகிறபோது அந்தப் பதாகையைக் கடந்து, அதைப் பார்த்த பையன்களையும் கடந்து அவள் நடக்க வேண்டும். டயர் விளம்பரத்தைக் கண்டு கொதிக்கிற மனிதரே இந்தப் பதாகைக்கு ஓடர் கொடுக்கிறார். பட்டுச் சேலையும் தெய்வப் படமும் இருப்பதால் அவர் மனம் உறுத்துவதில்லை. ஒரு குழந்தையின் உடம்பில் நடந்த மாற்றத்தைக் குடும்பத்தின் அந்தஸ்துக்கு விளம்பரமாக்குகிறோம் என்பது அவருக்குத் தெரியவேயில்லை. துணியால் அளக்கும் கண்ணுக்கு அது தெரியாது.

நிறத்தைப் பாருங்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. கறுத்தவளுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, அவமானம்தான் மிஞ்சும் என்று கதை சொல்லி ஏறத்தாழ அரை நூற்றாண்டு விற்றது. உலகமெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்த பிறகு, 2020இல் பெயரை மட்டும் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. அதை விற்பது யுனிலீவர். 2022 வரை லிப்டன் தேயிலையும் அதே யுனிலீவரிடம்தான் இருந்தது. வெயிலில் கறுத்த பெண்ணின் படத்தால் பெயரெடுத்த தேயிலையும், அந்தக் கறுப்பை அவமானமாக்கி அவள் பிள்ளைக்கு விற்கும் பூச்சும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இது கம்பனியின் குற்றம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த விதை விழுந்து முளைக்க ஈரமான நிலத்தை யார் வைத்திருந்தது? மணமகள் தேவை என்று பத்திரிகையில் போடும்போது சிவந்த நிறம் என்று கேட்டவர்கள் நாம். பிறந்த பெண்குழந்தையின் காது மடலைப் பார்த்து நிறத்துக்குச் சோதிடம் சொன்னவர்கள் நாம். நம்மிடம் இருந்த இழிவை எடுத்துக் காகிதம் சுற்றி நம்மிடமே விற்றார்கள். அதை மேற்கத்தியச் சீரழிவு என்று மட்டும் சொல்லி ஒதுங்க நமக்கு உரிமையில்லை.

அடுத்தது அவர்கள் இறுதியாக இறக்கும் ஆயுதம்: நம் சமயத்தில் பெண் தெய்வம். ஆம், மலையகத்தில் மாரியம்மன் இல்லாத தோட்டம் அரிது. காட்டை வெட்டிக் கோப்பி போட்ட காலத்தில், கடல் தாண்டியும் காடு தாண்டியும் வந்து கொள்ளைநோயிலும் காய்ச்சலிலும் விழுந்த சனத்துக்கு அவள்தான் துணை. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். கேட்பது வேறு. அந்தக் கோயிலில் பெண்ணுக்கு என்ன இடம்? கோயில் காசு சம்பளத்திலிருந்து கழிபடும்போது பெண் பேரிலும் கழிகிறது. திருவிழாவுக்குக் கூட்டிப் பெருக்குவதும், மாவிடிப்பதும், பால்குடம் சுமப்பதும், அன்னதானத்துக்குச் சமைப்பதும் அவள். தீக்குழியிலும் இறங்குகிறாள். பரிபாலன சபைத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நோட்டீசில் அச்சாகும் பெயர்களில் அவள் பெயரைத் தேடுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் கிடைக்காது. கருவறைக்குள் அம்மன், வாசலில் உழைக்கும் பெண், நடுவில் முடிவெடுக்கும் ஆண்கள். தேயிலைப் பெட்டியிலும் இதே ஒழுங்குதான். மேலே அவள் படம், கீழே அவள் உழைப்பு, நடுவில் விலை சொல்பவர்கள் வேறு யாரோ.

அம்மனுக்குப் பெண் குரல் உண்டு. ஆடி மாதத்திலும் திருவிழாவிலும் பெண்ணுக்கு அருள் வந்தால் கங்காணி முதல் தலைவர் வரை கைகட்டி நின்று கேட்பார்கள். “என்ன தாயி குறை?” என்பார்கள். “என் வாசலுக்கு ஏன் இன்னும் கூரை போடல?” என்று அவள் அதட்டினால் அடுத்த மாதம் தகரம் வந்துவிடும். அருள் இறங்கிய பிறகு அதே பெண், “லயத்துக் கூரை ஒழுகுது, பிள்ளைங்க நனையுதுங்க” என்று சொன்னால் கேட்பாரில்லை. “பொம்பளைக்கு இந்த இடத்தில என்ன பேச்சு?” என்ற பதில் வரும். அவள் அவளாகப் பேசினால் மதிப்பில்லை, தெய்வமாகப் பேசினால்தான் மதிப்பு. பெண்ணைத் தெய்வமாக்குவதால் பெண்ணுக்கு மரியாதை வருவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். தெய்வத்துக்குச் சம்பளம் தேவையில்லை, ஓய்வு தேவையில்லை, வாக்குச்சீட்டு தேவையில்லை. பெண்ணுக்கு இவை எல்லாம் தேவை.

தீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த விவாதம் முடியாது. மாதவிலக்கு நாளில் கோயில் வாசல் அவளுக்கு அடைபடுகிறது. அது ஓய்வுக்காக முன்னோர் வகுத்த ஏற்பாடு என்று விளக்கம் சொல்கிறார்கள். எந்தத் தோட்டத்தில் ஓய்வு கொடுத்தார்கள்? தீட்டு என்று கோயில் கதவு மூடும், பெரட்டு மூடாது. அந்த நாட்களிலும் அவள் கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள். தீட்டான அந்தக் கையால் பறித்த கொழுந்து மடுவத்துக்குப் போய், தொழிற்சாலைக்குப் போய், தூளாகி, பூசாரியின் காலைத் தேத்தண்ணியாகவும் வருகிறது. அந்த நாட்களில் அவள் உழைத்த சம்பளத்திலிருந்தும் கோயில் காசு கழிகிறது. அவள் பறித்த கொழுந்துக்கும் அவள் சம்பாதித்த காசுக்கும் தீட்டு இல்லை, அவளுக்கு மட்டும் தீட்டு. உழைப்பையும் வருமானத்தையும் எடுத்துக்கொண்டு ஆளை மட்டும் வெளியே நிறுத்துவதைத்தானே விளம்பரக்காரரிடம் நாம் குற்றமாகக் கண்டோம்?

சபரிமலையில் 10 வயது முதல் 50 வயது வரையான பெண்களுக்கு இருந்த தடையை இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 28 அன்று நான்குக்கு ஒன்று என்ற தீர்ப்பில் நீக்கியது. 2019 ஜனவரி 2 அன்று இரண்டு பெண்கள் சந்நிதிக்குப் போய் வந்ததும் நடையைச் சாத்திச் சுத்திகரிப்புச் செய்தார்கள். ஒரு பெண் நின்ற இடம் கழுவப்பட வேண்டிய இடம் என்று கோயிலே அறிவித்தது. அந்த நாட்களில் நம் ஊர்களிலும் ஐயப்பனுக்கு மாலை போட்ட ஆண்கள் பலர் அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் பேசினார்கள். அவர்கள் தங்கள் தலைக்கு மேலே நிற்கும் மலையை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். 2243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையைப் பௌத்தர் புத்தரின் பாதமென்றும், இந்துக்கள் சிவனின் பாதமென்றும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாமின் பாதமென்றும் போற்றுகிறார்கள். நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை எல்லா வயதுப் பெண்களும் ஏறுகிறார்கள். கைக்குழந்தையோடு ஏறுகிறவள், மகளின் தோளைப் பிடித்து ஏறும் கிழவி, பாடசாலைப் பிள்ளை எல்லாரும் உண்டு. தீட்டு நாளில் ஏறக்கூடாது என்ற பேச்சு இங்கும் உண்டுதான். ஆனாலும் வயதைக் கேட்டு அடிவாரத்தில் எவரும் மறிப்பதில்லை. அதனால் மலையின் புனிதம் குறைந்துவிட்டதாக எந்தச் சமயத்தவரும் சொன்னதில்லை.

இது இந்து சமயத்தை மட்டும் குறை கூறும் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். இலங்கையில் பிக்குணி மரபு நூற்றாண்டுகள் அற்றுப்போயிருந்து 1998இல் தம்புள்ளையில் மீண்டும் உபசம்பதை நடந்தபோது, அதை ஏற்க மறுத்த பெரியவர்கள் பலர். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண் குருவாக முடியாது. 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பெண் காதி நீதவானாக முடியாத நிலையை மாற்றக் கோரி முஸ்லிம் பெண்களே பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். நான்கு சமயமும் ஒரே பாதத்தைத் தொழுகிற மலையடிவாரத்தில், பெண்ணை ஓர் அடி தள்ளி நிறுத்துவதிலும் நான்கும் ஒத்துப்போகின்றன. ஆகவே இது எந்த ஒரு வேதத்தின் குற்றமும் அல்ல. வேதத்துக்கு விளக்கம் சொல்லும் இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே கேள்வி.

“பெண்களே இதை விரும்பித்தானே கடைப்பிடிக்கிறார்கள்?” என்பது அடுத்த மறுப்பு. கடைப்பிடிக்காத பெண்ணுக்கு மாமியார் வீட்டிலும் லயத்திலும் என்ன பெயர் கிடைக்கும் என்பது தெரிந்துதான் இதைக் கேட்கிறார்கள். மீறினால் அவப்பெயர் என்ற இடத்தில் விருப்பத்தை அளக்க முடியாது. வேறு வழி கிடைத்த இடத்தில் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் அவர்களுடைய விருப்பம் தெரியும். மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி பீடத்தில் பங்காரு அடிகளார் பெண்களைக் கருவறைக்குள் விட்டு அவர்கள் கையாலேயே பூசை செய்ய வைத்தார், மாதவிலக்கு நாளிலும் தடையில்லை என்றார். இலட்சக்கணக்கான பெண்கள் செவ்வாடை உடுத்தி அங்கே போனார்கள். அவர்கள் நாத்திகம் பேசப் போகவில்லை, கும்பிடத்தான் போனார்கள். தமிழ்நாட்டில் 2023இல் மூன்று பெண்கள் அரசின் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள். கதவு திறந்தால் பெண் உள்ளே போகிறாள். அவள் வெளியே நின்றது நம்பிக்கையால் என்று சொன்னவர்களுக்கு இதுவே பதில்.

சட்டமும் அவள் பக்கம்தான். இலங்கை அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை கடை, உணவகம், பொழுதுபோக்கிடம் இவற்றோடு ஒருவர் தம் சொந்த மதத்தின் பொது வழிபாட்டிடத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக அங்கே செல்ல எவருக்கும் தடையோ நிபந்தனையோ விதிக்கலாகாது என்கிறது. சாதிக்கும் பாலுக்கும் அது ஒரே வரியில் காவல் சொல்கிறது. சாதியின் பேரால் கோயில் கதவை மூடுவது பாவம் என்று இன்று மேடையில் ஏறிப் பேசுகிறவர்கள், பாலின் பேரால் மூடும்போது அதை மரபு என்கிறார்கள்.

துணியால் அளப்பதன் மிகப் பெரிய கேடு இனிமேல்தான் வருகிறது. விளம்பரத்தை எதிர்த்துக் கொடுக்கும் குரல் கடைசியில் போய் விழுவது விளம்பரக் கம்பனியின் மேல் அல்ல. கொழும்பில் இருக்கும் கம்பனிக்கு நம் கோபம் எட்டாது. எட்டுவது நம் பிள்ளைக்கு. “அந்தப் படத்தைப் பார்த்தா எங்க பிள்ளைங்க கெட்டுப்போகும்” என்று தொடங்கும் பேச்சு, “டவுனுக்கு ஏன் இந்த உடுப்போட போன?” என்று முடிகிறது. கைத்தொலைபேசியைப் பறிக்கிறார்கள், ஹற்றனில் வகுப்புக்குப் போவதை நிறுத்துகிறார்கள், அவசரமாக வரன் பார்க்கிறார்கள். விளம்பரக்காரன் அவளைப் பார்க்கப்படும் பொருளாக்கினான். காவலர்கள் அவளைப் பாதுகாக்கப்படும் பொருளாக்குகிறார்கள். இரண்டிலும் அவளுடைய உடம்பைப் பற்றி அவளைத் தவிர எல்லாரும் முடிவெடுக்கிறார்கள்.

அவள் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சரித்திரத்திலேயே விடை உண்டு. 1930களில் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரைத் தானே பாட்டாக எழுதினார், தோட்டக் கூட்டங்களில் தானே பாடினார். தேயிலைப் பிரசார சபை பேசாத பெண்ணைப் படமாக்கிய அதே காலத்தில் பேசுகிற பெண்ணாக அவர் மேடையில் நின்றார். 2015 செப்டம்பரில் கேரளத்து மூணாற்றில் கண்ணன் தேவன் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில் திரண்டு, இத்தனை காலம் தங்களுக்காகப் பேசிவந்த ஆண் சங்கத் தலைவர்களைக் கிட்ட அண்டவிடாமல் விரட்டி, 20 சதவீத போனசை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். தேயிலைப் பெட்டியில் சிரிக்கும் அதே பெண், சிரிக்காமல் உட்கார்ந்தபோது கம்பனியும் அரசும் இறங்கி வந்தன. 2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நாடாளுமன்றம் சென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அந்த வாசலை மிதிக்க, மக்கள் இங்கு வந்து இருநூறு ஆண்டுகளாக வேண்டியிருந்தது. சங்கச் சந்தாவில் பாதிக்கு மேல் பெண்கள் கட்டியது என்பதை நினைத்தால் இந்தத் தாமதம் தற்செயலல்ல.

ஆகையால் அளவுகோலை மாற்றுவோம். ஒரு படத்தைப் பார்த்தாலும் ஒரு சடங்கைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்போம். அவளைக் கேட்டார்களா? அவளுக்குப் பங்கு உண்டா? வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு முன் டயர் விளம்பரமும் தோற்கும், தேயிலைப் பெட்டியும் தோற்கும், வயதுக்கு வந்த பிள்ளையின் பதாகையும் தோற்கும், தீட்டுக்குச் சாத்திய கதவும் தோற்கும். அரைகுறை உடையில் நிற்கும் பெண்ணொருத்தி தன் விருப்பத்தோடும் தகுந்த ஊதியத்தோடும் நின்றால், அவளைப் பற்றிய நம் கோபத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, முழுச் சேலையில் கேட்காமல் படமாக்கப்பட்டவளின் பக்கம் முதலில் திரும்பும்படி இந்தப் புதிய அளவுகோல் நமக்குச் சொல்லும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. கொழுந்து பறிக்கும் பெண்ணை விளம்பரத்துக்குப் படமெடுக்கிற கம்பனி அவள் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். சிங்க இலச்சினைக்குக் காவல் வைத்த தேயிலைச் சபை அவள் முகத்துக்கும் காவல் வைக்க வேண்டும். ஒவ்வொரு மலையிலும் கழிப்பறையும் தண்ணீரும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிற்சங்கம் தோட்டத் தலைவர் பதவியில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். பூப்புப் பதாகையைக் கட்டுவதில்லை என்று பெற்றோர் முடிவெடுக்க எந்தச் சட்டமும் தேவையில்லை, அடுத்த சடங்கிலேயே தொடங்கலாம். கோயில் பரிபாலன சபைக்குச் சொல்வது இதுதான்: வரும் திருவிழாக் கூட்டத்தில் பெண்களையும் உறுப்பினராகச் சேர்த்து, கணக்குப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுங்கள். வாசலில் வைத்த தீட்டு விதியை எடுத்துவிடுங்கள். அதன்பிறகு விளம்பரக் கம்பனிகளின் வாசலுக்குப் போய், எங்கள் பெண்களைப் பண்டமாக்காதே என்று கேட்கப் புறப்படுங்கள். அந்த ஊர்வலத்தில் நாங்கள் முன்வரிசையில் நடக்கிறோம்.